மூன்று பேர், மூன்று ஆல்பம், ஆளுக்கு ஏழு சென்ட்

2012-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பண்டோரா இணைய வானொலியில் ‘டக்போட்’ என்ற பாடல் 7,800 முறை ஒலித்தது. அந்தப் பாடலை எழுதிய மூவருக்கும் சேர்த்து வந்த பாடலாக்க ராயல்டி 21 சென்ட். ஆளுக்கு 7 சென்ட். ஸ்பாட்டிஃபையில் அதே காலத்தில் 5,960 முறை. அதற்கு வந்தது 1 டாலர் 5 சென்ட், ஆளுக்கு 35 சென்ட். இந்தக் கணக்கைப் பொதுவில் எடுத்து வைத்தவர் அந்த மூவரில் ஒருவரான டிரம்மர் டேமன் க்ருகோவ்ஸ்கி. குழுவின் பெயர் கேலக்ஸி 500. அமெரிக்காவின் பாஸ்டனில் 1987-இல் தொடங்கி 1991 வசந்தத்தில் முடிந்துபோன குழு.

நான்கு வருடம்கூட முழுதாக இல்லை. மூன்று ஸ்டூடியோ ஆல்பம், சில சிங்கிள், பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜான் பீலின் நிகழ்ச்சிக்காக இரண்டு பதிவு அமர்வு. பெரிய ஹிட் என்று எதுவும் இல்லை. ஆனால் மெதுவாக, சத்தம் குறைவாக, எதிரொலி நிறைய வைத்து வாசிக்கும் ராக் குழு எங்கே கிளம்பினாலும் இவர்கள் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. அந்த ஒலி எப்படிக் கட்டப்பட்டது, அதற்கான பணம் எந்த வழியாக வந்தது, குழு உடைந்தபோது பதிவுகள் மட்டும் எப்படிச் சிதறாமல் தங்கின என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த 7 சென்ட்டின் பொருள் தெரியும்.

டீன் வேர்ஹாம், டேமன் க்ருகோவ்ஸ்கி, நவோமி யாங் மூவரும் நியூயார்க்கின் டால்டன் பள்ளியில் பழக்கமானவர்கள். பிறகு மூவருமே ஹார்வர்ட். டீனும் டேமனும் மாணவர்களாக இருந்தபோதே பங்க் பாணியில் சில குழுக்களைத் தொடங்கிக் கலைத்திருக்கிறார்கள். 1987-இல் மறுபடி கூடியபோது டீனுக்குக் கிடார், டேமனுக்கு டிரம்ஸ். டிரம் செட்கூடச் சொந்தமில்லை. பின்னாளில் தொலைக்காட்சித் தொகுப்பாளராகப் புகழ்பெற்ற, அப்போது சக மாணவராக இருந்த கோனன் ஓ’பிரையன் இரவல் கொடுத்தது. குழுவின் பெயரும் ஒரு விதத்தில் இரவல்தான்: நண்பர் ஒருவர் வைத்திருந்த ஃபோர்டு கேலக்ஸி 500 கார்.

பேஸ் கிடாருக்கு ஆள் வேண்டும். நவோமி எடுத்துக்கொண்டார். அதுவரை அவர் பேஸ் வாசித்ததே கிடையாது. இந்தக் குழுவின் ஒலிக்கு முதல் காரணம் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பயிற்சி பெற்ற பேஸ் கலைஞர் என்ன செய்வார் என்றால், கிடார் பிடிக்கும் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பு) அடிப்படை ஸ்வரத்தை, காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு ஒட்டி, கீழ்க் கம்பிகளில் வாசிப்பார். அது வீட்டுக்குக் கடைக்கால் போடுவது மாதிரி. நவோமி அந்த வேலையைப் பல இடங்களில் செய்யவே இல்லை. கம்பிகளின் மேல் பகுதியில், ஏழாம் ஃப்ரெட் (விரல் வைக்கும் கட்டம்), பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம் போய், பாடத்தக்க மெட்டாக வாசித்தார். ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களில் பீட்டர் ஹுக் காட்டிய வழி அது. ஜாய் டிவிஷன் காலத்தில் உருவாகி நியூ ஆர்டர் வெளியிட்ட ‘செரமனி’ பாடலை இவர்களும் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இதை எண்ணில் பார்த்தால் இன்னும் துலங்கும். நான்கு கம்பி பேஸ் கிடாரின் கடைசி தடித்த கம்பி திறந்த நிலையில் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. மெல்லிய கம்பி திறந்த நிலையில் 98 ஹெர்ட்ஸ். அதே கம்பியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் 196. சாதாரண கிடாரின் தடித்த கம்பி 82-இல் தொடங்குகிறது. அதாவது நவோமியின் பேஸ் பெரும்பாலும் கிடாரின் கீழ்ப்பாதி இருக்கும் அதே மாடியில்தான் நடமாடுகிறது. தரைத்தளம் காலி. மூன்றே பேர் இருக்கும் குழுவில் இரண்டாவது கிடார் இல்லாத குறையை இது தீர்த்துவிடுகிறது. டீன் கார்டை அடித்துக்கொண்டே பாடும்போது பக்கத்தில் இன்னொரு மெட்டு ஓடுகிறது. டீன் தனி வாசிப்புக்குத் தாவும்போது கார்டு நின்றுபோனாலும் பாட்டு வெறிச்சோடிப் போவதில்லை, பேஸ் மெட்டே கார்டையும் கோடிகாட்டிவிடுகிறது.

இதைப் பின்பற்றப் பார்த்த பல குழுக்கள் தடுக்கி விழுந்த இடமும் இதுதான். பேஸ் மேலே போய்விட்டால் கீழே வரும் வெற்றிடத்தைப் பார்த்துப் பயந்து, கிக் டிரம்மைப் பெருக்கியோ கிடாரைக் கனமாக்கியோ நிரப்பப் பார்ப்பார்கள். அப்போது 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் மூன்று வாத்தியங்களும் முட்டிக்கொண்டு, எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். வெற்றிடத்தை அப்படியே விட்டுவிடும் துணிச்சல் கேலக்ஸி 500-க்கு இருந்தது.

அடுத்தது வேகம். ‘டக்போட்’ பாட்டு முழுவதும் இரண்டே கார்டு. பல்லவி, சரணம் என்று கார்டு மாறுவதில்லை. இடையில் வேறு திருப்பமும் கிடையாது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இதிலுள்ள சிரமம் உடனே புரியும். விளம்ப காலத்தில் காலப்பிரமாணத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் கடினம். வேகமான பாட்டில் சிறு தவறு அடுத்த அடியில் மறைந்துவிடும். மெதுவான பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு முற்றமே இருக்கிறது. அங்கே தவறி விழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டு கார்டில் நான்கு நிமிடத்தை ஓட்ட வேண்டுமென்றால் பாட்டை நகர்த்திச் செல்வது சத்தத்தின் ஏற்ற இறக்கம் ஒன்றுதான். இவர்கள் பாடல்களில் அது எப்படி நடக்கிறதென்று கவனியுங்கள். குரலோடு சிம்பல் ஓரமாகத் தொட்டுக்கொண்டே வரும். குரல் முடிந்ததும் கிடார் மேல் கம்பிகளுக்கு ஏறும். டேமன் ஸ்நேர் என்ற சிறு டிரம்மைவிட சிம்பலை நம்பி அலை எழுப்புவார். வேகத்தைக் கூட்டியது போல ஒரு பிரமை வரும், உண்மையில் பெருகுவது அடர்த்தி. டேமனின் வாசிப்பை ராக் டிரம்மர் என்பதைவிட ஜாஸ் கேட்டு வளர்ந்தவரின் கை என்று சொல்வது பொருந்தும். தாளத்தைக் குத்தி நிறுத்துகிற வேலையை அவர் குறைத்துக்கொள்கிறார்.

டீனின் குரலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மெல்லிய குரல். எட்டாத ஸ்வரத்துக்குப் பொய்க்குரலில் ஏறுவார், சில இடங்களில் சுருதி விலகும். அமெரிக்க விமர்சகர்கள் பலருக்கு அந்தக் காலத்தில் இது பெரிய குறையாகப் பட்டது. எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை. காலியான தரைத்தளம், இரண்டு கார்டு, அலையாக எழும் சிம்பல் எல்லாம் இருக்கும் இடத்தில் தேர்ந்த பாடகரின் வலுவான குரல் வந்து நின்றால் மற்ற எதுவும் காதில் விழாது.

இனி ஸ்டூடியோ. குழு ஒரு டெமோவைப் பதிவுசெய்து, ஷிம்மி டிஸ்க் என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த மார்க் க்ரேமருக்கு அனுப்பியது. அவர் தயாரிப்பாளராக ஒப்புக்கொண்டார். மன்ஹாட்டனில் அவருக்கு நாய்ஸ் நியூயார்க் என்ற ஸ்டூடியோ இருந்தது. கேலக்ஸி 500-இன் மூன்று ஆல்பங்களையும் தயாரித்தவர் அவர் ஒருவரே. ஒரு சிறு குழுவின் முழு வாழ்வும் ஒரே தயாரிப்பாளர் கையில் இருந்தது அபூர்வமான பாக்கியம். மூன்று ஆல்பத்தையும் வரிசையாகப் போட்டுக் கேட்டால் ஒரே வீட்டின் மூன்று அறைகளில் நடப்பது போல இருப்பதற்கு அதுதான் காரணம்.

க்ரேமரின் கையெழுத்து ரிவெர்ப், அதாவது பெரிய கூடத்தில் கேட்பது போன்ற செயற்கை எதிரொலி. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 80 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.75 நொடி. ரிவெர்ப் அடங்க 1.5 நொடி ஆகிறதென்றால் அது இரண்டு அடிக்குள் ஓய்ந்துவிடும், பாட்டுக்கு மூச்சு கிடைக்கும். வேகத்தை 160 ஆக்குங்கள், இடைவெளி 0.375 நொடி. அதே ரிவெர்ப் இப்போது நான்கு அடிகளின் மேல் படர்ந்து எல்லாவற்றையும் சேறாக்கிவிடும். இவ்வளவு நீளமான எதிரொலியை இவர்களால் தாங்க முடிந்தது மெதுவாக வாசித்ததால்தான். மெதுவாக வாசித்தும் பாட்டு வெறுமையாகத் தெரியாததற்குக் காரணம் எதிரொலி. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலைக்கு ஆகாது.

இந்த ஒலியைக் கொண்டுவர நினைக்கும் குழு கவனிக்க வேண்டியவை இன்னும் சில. ரிவெர்ப் குரலோடு அதே கணத்தில் தொடங்கினால் சொல் கரைந்துவிடும். 30 முதல் 50 மில்லிநொடி வரை ப்ரீ-டிலே, அதாவது எதிரொலி தொடங்கத் தாமதம், வைத்தால் முதலில் சொல் வந்து நிற்கும், பிறகு நிழல் வரும். ரிவெர்ப் திரும்பி வரும் தடத்தில் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிக் டிரம்மும் பேஸும் எதிரொலியில் சேர்ந்து, பாட்டு தண்ணீருக்கடியில் கேட்பது போல இருக்கும். ஒத்திகை அறையில் எல்லோரும் ரிவெர்ப் பெடலைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பழகுவது இன்னொரு தவறு. யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பதையே அது மறைத்துவிடும். ரிவெர்ப் இல்லாத காய்ந்த ஒலியில் பழகி, பதிவுக்குப் பிறகு அதில் நனைப்பதே சரி.

க்ரேமர் இதே கைப்பக்குவத்தைப் பிறகு மினசோட்டாவின் டுலூத் நகரத்திலிருந்து வந்த லோ என்ற மூவர் குழுவின் முதல் ஆல்பத்துக்கும் கொண்டுபோனார். அது 1994. ‘ஸ்லோகோர்’ என்று இன்று சொல்லப்படும் மெதுவான ராக் வகையின் இரண்டு தூண்களை ஒரே ஆள் நட்டிருக்கிறார்.

1988-இல் ‘டக்போட்’ 7 அங்குல சிங்கிளாக அரோரா என்ற சிறு நிறுவனம் வழியாக வந்தது. மறுபக்கம் ‘கிங் ஆஃப் ஸ்பெயின்’. பாட்டின் தலைப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் கிடார் கலைஞர் ஸ்டெர்லிங் மாரிசன் இசையை விட்டு விலகி, டெக்ஸஸின் ஹூஸ்டனில் இழுவைப் படகின் கேப்டனாக வேலை பார்த்தார். மேடையை விட்டுவிட்டு அந்தப் படகில் போய் நிற்க வேண்டும் என்ற ஆசைதான் பாட்டு. முதல் சிங்கிளிலேயே இசையிலிருந்து இறங்கிப்போவதைப் பற்றிப் பாடிய குழு இது.

அந்த சிங்கிள் அச்சானது 1,000 பிரதி. வினைல் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த எண் இயல்பானது. முதலில் லாக்கர் பூசிய தட்டில் ஒலியை வரியாக வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி உரித்தெடுத்தால் எதிர்மறை அச்சு கிடைக்கும். பெரிய பதிப்பென்றால் அதிலிருந்து ‘மதர்’ என்ற நேர் அச்சை எடுத்து, மதரிலிருந்து தட்டை அழுத்தும் ஸ்டாம்பர்கள் பலவற்றை எடுப்பார்கள். சிறு பதிப்புக்கு இடைப்படிகளை விட்டுவிட்டு முதல் அச்சையே ஸ்டாம்பராக அழுத்த இயந்திரத்தில் பூட்டிவிடுவதும் உண்டு. ஒரு ஸ்டாம்பர் ஏறத்தாழ ஆயிரம் தட்டு வரைக்கும் நல்ல ஒலி தரும், அதற்குமேல் வரிகளின் விளிம்பு மழுங்கி இரைச்சல் ஏறத் தொடங்கும். ஒரு பக்கத்துக்கு நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் நான்கரை நிமிடத்தைத் தாண்டினால் வரிகளை நெருக்க வேண்டிவரும், சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டிவரும். நான்கு நிமிடத்துக்குள் அடங்கும் ‘டக்போட்’ அந்தத் தட்டுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது.

அதே ஆண்டு ‘டுடே’ ஆல்பம். அட்டையை வடிவமைத்தது நவோமி. அடுத்த ஆல்பங்களின் வடிவமைப்பும் அவருடையதே, வெளியாளுக்கு அதில் செலவு இல்லை. ஒவ்வோர் ஆல்பத்திலும் அடுத்தவர் பாட்டு ஒன்று என்று ஒரு வழக்கமும் இங்கே தொடங்கியது. ‘டுடே’யில் ஜொனாதன் ரிச்மன், அடுத்ததில் ஜார்ஜ் ஹாரிசன், மூன்றாவதில் யோகோ ஓனோ. ரிச்மன் வாத்தியமில்லாமல் வெறும் குரலில் பாடி வைத்திருந்த ஒரு சிறு பாட்டை இவர்கள் எடுத்து, கிடார் அலையால் ஏழு நிமிடத்துக்குப் பக்கமாக நீட்டினார்கள். பிரிட்டனில் ஜான் பீலின் நேயர்கள் 1989-ஆம் ஆண்டின் சிறந்த 50 பாடல்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்தவர் பாட்டைப் பாடினால் பாடலாக்க ராயல்டி எழுதியவருக்கே போகும் என்பது தெரிந்துதான் செய்தார்கள். கேட்பவர்களுக்கு இவர்களுடைய மூதாதையர் யார் என்பது தெளிவாகிவிடுகிறது.

1988 கடைசியில் பிரிட்டன் பயணம். அதற்குப் பின் ரஃப் ட்ரேட் நிறுவனத்தோடு ஒப்பந்தம். லண்டனில் 1976-இல் ஜெஃப் ட்ராவிஸ் தொடங்கிய கடையிலிருந்து முளைத்த நிறுவனம் அது. த ஸ்மித்ஸ் குழுவை வெளியிட்டதால் உலகம் முழுக்கப் பேர் தெரியும். பாஸ்டனில் ஆயிரம் தட்டு விற்ற குழுவுக்கு இது பெரிய கதவு. 1989-இல் ‘ஆன் ஃபயர்’ வந்தது. பிரிட்டனின் இண்டி (சுயாதீன நிறுவன வெளியீடுகளின்) விற்பனைப் பட்டியலில் 7-ஆம் இடம். மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். ‘டுடே’யில் குழு தன் ஒலியைத் தேடிக்கொண்டிருந்தது, இங்கே அதற்குள் குடியேறிவிட்டது. ரால்ஃப் கார்னி ஒரு பாட்டில் சாக்ஸஃபோன் ஊதுகிறார். ‘அனதர் டே’ பாட்டில் நவோமி பாடுகிறார். அவர் பாடும்போது டீனின் கிடார் எவ்வளவு ஒதுங்கி நிற்கிறது என்று கேளுங்கள், ஒரு குழுவின் உள்ளுறவு முழுக்க அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

1990-இல் ‘திஸ் இஸ் அவர் மியூசிக்’. ஜாஸ் மேதை ஆர்னெட் கோல்மனின் ஆல்பம் ஒன்றின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒலி இன்னும் பளிச்சென்று, கொஞ்சம் நிதானமற்று இருக்கிறது. யோகோ ஓனோவின் பனிப் பாட்டை நவோமி பாட, அது மெல்லத் தொடங்கி ஒரு பெரும் இரைச்சலாக முடிவது இந்த ஆல்பத்தின் உச்சம்.

வெளியே எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே விரிசல். மூன்று பேர் இருக்கும் குழுவில் முடிவெடுப்பது எளிது என்று தோன்றும், ஒருபோதும் சரிபாதியாகப் பிரிய முடியாது அல்லவா? ஆனால் டேமனும் நவோமியும் தம்பதி. அப்படியிருக்கும் மூவரில் கருத்து வேறுபாடு வரும்போது கணக்கு பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்றே விழும், அந்த ஒன்று எப்போதும் ஒரே ஆளாகவே இருக்கும். இதில் யாருடைய குணத்தையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அமைப்பே அப்படி. மாதக்கணக்கில் ஒரே வேனில் பயணம் செய்யும்போது அந்த அமைப்பின் எடை முழுக்க ஒருவர் தோளில் ஏறுகிறது.

1990 டிசம்பர் 1 அன்று கோபன்ஹேகனில் வாசித்தது வானொலிக்காகப் பதிவானது. ஐரோப்பாவில் அவர்களுடைய கடைசிப் பயணம் அது. பிறகு கோக்டோ ட்வின்ஸ் குழுவின் நிகழ்ச்சிகளில் முதலில் வாசிக்கும் குழுவாக அமெரிக்காவில் நீண்ட பயணம். 1991 ஏப்ரல் 5, மேய்ன் மாநிலத்தின் ப்ரன்ஸ்விக்கில் போடோயின் கல்லூரியில் கடைசி நிகழ்ச்சி. அடுத்து ஜப்பான் போவதாக இருந்தது. போகவில்லை. டீன் விலகிவிட்டார்.

அதே மாதங்களில் இன்னொரு சுவரும் சரிந்தது. ரஃப் ட்ரேட் திவாலானது. இதை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் குழுவின் பிற்கால வாழ்வு இங்கேதான் தீர்மானமானது. ரஃப் ட்ரேட் வெளியீட்டு நிறுவனமாக மட்டும் இருக்கவில்லை, பல சிறு நிறுவனங்களின் தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பும் விநியோகப் பிரிவும் அதற்கு இருந்தது. விநியோகத்தில் பணம் மெதுவாகத்தான் சுற்றும். தட்டு கடைக்குப் போய், விற்று, கடைக்காரர் பணம் அனுப்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். விற்காதது திரும்பி வரும். இந்த இடைவெளியில் கிடங்கு வாடகை, சம்பளம், தட்டு அச்சிட்ட செலவு எல்லாவற்றையும் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பெரிய இடத்துக்கு மாறிய செலவும் வராக்கடனும் சேர்ந்தபோது அந்தச் சுழற்சி நின்றது. விநியோகம் விழுந்ததும் வெளியீட்டு நிறுவனமும் கூடவே போயிற்று.

நிறுவனம் திவாலானால் இசைக் குழுவின் நிலை என்ன? வரவேண்டிய ராயல்டியைப் பொறுத்தவரை அவர்கள் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்கள் போல, அதாவது வரிசையின் கடைசி ஆட்கள். வங்கியும் மற்றவர்களும் எடுத்த பிறகு மிச்சமிருந்தால்தான் கிடைக்கும், பெரும்பாலும் மிச்சம் இருக்காது. அதைவிட மோசமானது, நிறுவனத்திடம் இருக்கும் மாஸ்டர் டேப்புகள் (மூலப் பதிவு நாடாக்கள்) சொத்தாகக் கணக்கிடப்பட்டு ஏலத்துக்கு வரும். யார் கூடுதலாகக் கேட்கிறாரோ அவருக்குப் போய்விடும். வாங்கியவர் அவற்றை வெளியிடலாம், வெளியிடாமல் அலமாரியில் பூட்டியும் வைக்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எத்தனையோ சிறு குழுக்களின் ஆல்பங்கள் காணாமல் போனதற்கு இதுதான் காரணம்.

கேலக்ஸி 500 தங்கள் மாஸ்டர் டேப்புகளை ஏலத்தில் திரும்ப வாங்கியது. குழு உடைந்து, பேச்சுவார்த்தையே சிரமமாயிருந்த வேளையில் எடுத்த அந்த முடிவுதான் அவர்களுடைய வாழ்க்கையிலேயே மிக முக்கியமானது என்று நினைக்கிறேன், எந்தப் பாட்டையும் விட. பாடல்கள் அனைத்துக்கும் மூவர் பெயரும் இருந்ததால் யார் எதை எழுதினார் என்ற வழக்கும் எழவில்லை. 1996-இல் ரைக்கோடிஸ்க் நிறுவனம் நான்கு சிடி கொண்ட பெட்டியாக எல்லாவற்றையும் வெளியிட முடிந்தது இதனால்தான். அடுத்த ஆண்டு கோபன்ஹேகன் பதிவு தனி ஆல்பமாக வந்தது. ஜான் பீல் அமர்வுகள் 2005-இல்.

டீன் லூனா குழுவைத் தொடங்கினார். டேமனும் நவோமியும் இருவர் பெயரிலேயே இசையைத் தொடர்ந்தார்கள், 1992-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைத் தயாரித்ததும் க்ரேமரே. எக்ஸாக்ட் சேஞ்ச் என்ற சிறு பதிப்பகத்தையும் இருவரும் நடத்தினார்கள். கேலக்ஸி 500 மறுபடி மேடை ஏறவே இல்லை.

இப்போது அந்த 7 சென்ட்டுக்கு வருவோம். ஒரு பதிவில் இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு. பாட்டை எழுதியவருக்கான பாடலாக்க உரிமை ஒன்று, பதிவுசெய்த ஒலிக்கான மாஸ்டர் உரிமை மற்றொன்று. 21 சென்ட் என்பது முதலாவதற்கு மட்டும். டேமன் போட்ட கணக்குப்படி, ஒரே ஓர் எல்.பி. தட்டு விற்றால் வரும் லாபத்துக்கு ஈடாகப் பாடலாக்க ராயல்டி கிடைக்க பண்டோராவில் சுமார் 3,12,000 முறை ஒலிக்க வேண்டும், ஸ்பாட்டிஃபையில் 47,680 முறை. மேலே சொன்ன கணக்கில் ஒரு முறைக்கு எவ்வளவு வருகிறதோ அதோடு இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், இரண்டுமே தட்டுக்கு 8 டாலர் 40 சென்ட் என்ற இடத்தில் வந்து நிற்கும். கணக்கு சரியாகப் பொருந்துகிறது. 1988-இல் ஆயிரம் சிங்கிள் அச்சிட்டதன் மூலம் கிடைக்கக்கூடிய வருமானம், 2012-இல் 1 கோடியே 30 லட்சம் முறைக்கும் மேல் ஒலித்தால் வரும் வருமானத்துக்குச் சமம் என்பதும் அவர் சொன்னதே. அந்த ஆயிரம் சிங்கிளோ ஒரு ஸ்டாம்பர் தேயும் அளவு வேலைதான்.

அடுத்த கதை எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. ‘ஆன் ஃபயர்’ ஆல்பத்தில் ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்றொரு பாட்டு. சிங்கிளாக வந்ததில்லை. ஆனால் ஸ்பாட்டிஃபையில் மட்டும் அது குழுவின் மற்ற எல்லாப் பாடல்களையும் தாண்டி மேலே போனது. வேறு எந்தத் தளத்திலும் அப்படி இல்லை. டேமன் இதைப் பொதுவில் கேள்வியாக எழுப்ப, ஸ்பாட்டிஃபையில் தரவு ஆய்வாளராக இருந்த க்ளென் மெக்டொனால்ட் காரணம் தேடிப் பார்த்தார். 2017 ஜனவரியில் ‘ஆட்டோபிளே’ வசதியை எல்லாருக்கும் தானாக இயங்கும்படி மாற்றியதிலிருந்து அந்தப் பாட்டு ஏறத் தொடங்கியிருந்தது. கேட்பவர் போட்ட ஆல்பம் முடிந்ததும், அதைப் போன்ற வேறொரு பாட்டை மென்பொருளே எடுத்துப் போடும். ‘ஸ்ட்ரேஞ்ச்’ மற்றவர்களின் பாடல்களோடு அதிகம் ஒத்துப்போவதால் அடிக்கடி தேர்வாகியிருக்கலாம் என்பது அவருடைய ஊகம்.

யோசித்துப் பாருங்கள். கேலக்ஸி 500-இன் பாடல்களில் தாளம் ஓரளவு நேராக, கிடார் பளிச்சென்று, வழக்கமான ராக் பாட்டின் உருவில் நிற்பது ‘ஸ்ட்ரேஞ்ச்’தான். நல்ல பாட்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் காலியான தரைத்தளமும் இரண்டு கார்டின் நீண்ட அலையும் கொண்ட பாடல்களை ஒதுக்கிவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் ஜாடையில் இருக்கும் பிள்ளையை மட்டும் வாசலில் நிறுத்துகிற தேர்வு இது. புதிதாக வரும் கேட்பவர் அந்தப் பாட்டோடு நின்றுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறைக்குக் குறைவாக ஒலிக்கும் பதிவுக்கு மாஸ்டர் ராயல்டியே கிடையாது என்ற விதியும் சேர்ந்துகொண்டது. ஆயிரம் பேரைச் சென்றடைந்தால் போதும் என்று 1988-இல் முதல் சிங்கிளை வெளியிட்ட குழுவுக்கு இன்று ஆயிரம் என்பது பூஜ்யத்தின் எல்லைக்கோடு. டேமன் இசைக் கலைஞர்களின் தொழிற்சங்க அமைப்பான யு.எம்.ஏ.டபிள்யூ.வில் சேர்ந்து, ஒரு முறை ஒலித்தால் ஒரு சென்ட் என்ற கோரிக்கைக்காகத் தொடர்ந்து போராடி வருகிறார்.

இவர்களைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள், ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு. முதலில் ‘ஆன் ஃபயர்’. ஹெட்ஃபோனில் ஒரு தடவை, அறையில் ஸ்பீக்கரில் ஒரு தடவை. கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரில் வேண்டாம், நவோமியின் பேஸ் நடமாடும் அந்த 100 முதல் 200 ஹெர்ட்ஸ் பகுதியே அதில் வராது, பாட்டில் பாதி போய்விடும். பிறகு கோபன்ஹேகன் பதிவு. க்ரேமரின் ஸ்டூடியோ எதிரொலி இல்லாத நிலையில் மூன்று பேர் மட்டும் என்ன செய்தார்கள் என்று அதில் தெரியும். அதன் பின் ‘டுடே’. 2024-இல் வெளியான ‘அன்கலெக்டட் நாய்ஸ் நியூயார்க்’ தொகுப்பில் அந்த ஸ்டூடியோவில் 1988 முதல் 1990 வரை பதிவான, ஆல்பங்களில் சேராத 24 தடங்கள் இருக்கின்றன. அதைக் கடைசிக்கு முன் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ‘திஸ் இஸ் அவர் மியூசிக்’. அதன் இறுதிப் பாட்டின் பெயரைப் பாருங்கள்: ‘கிங் ஆஃப் ஸ்பெயின், பகுதி இரண்டு’. பகுதி ஒன்று, அந்த ஆயிரம் பிரதி சிங்கிளின் மறுபக்கத்தில் இருக்கிறது.